மாரடைப்புக்குப் பிறகு: மையமா, குறுஞ்செய்தியா, வாட்ச்சா?

மாரடைப்போ பைபாஸோ முடிந்து வீடு திரும்புகிறவர்கள் மாத்திரைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். அதோடு சொல்லப்படும் இதய மறுவாழ்வுப் பயிற்சிதான் பாதியில் நின்றுவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், மாதக்கணக்கில் மையத்துக்குப் போய்வர வேண்டும். கூட்டிப்போக ஆள் வேண்டும், வேலைக்கு லீவு வேண்டும். செல்போன் உள்ளே நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

முதலில் மையம். நீங்கள் டிரெட்மில்லில் நடக்க, ஈசிஜி திரையில் ஓடும். முகம் வெளுத்தால் பக்கத்தில் நிற்கிற பிசியோதெரபிஸ்ட் கவனித்துவிடுவார். இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், இதயத்தின் பம்பிங் திறன் மிகவும் குறைந்தவர்கள், நடந்தாலே நெஞ்சு இறுக்கம் வருகிறவர்கள் எல்லாம் இங்கேதான் தொடங்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

மலிவானது குறுஞ்செய்தி. சாதாரண போன் போதும். ஆஸ்திரேலியாவில் 710 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. வாரம் 4 செய்தி வீதம் 6 மாதம் அனுப்பினார்கள். முடிவில் செய்தி பெற்றவர்களில் 26% பேர்தான் புகைத்தார்கள், பெறாதவர்களில் 43%. கெட்ட கொழுப்பும் சற்றுக் குறைந்தது. சரி, நினைவூட்ட இது நல்லது. ஆனால் இன்று எவ்வளவு நடந்தீர்கள், மூச்சு வாங்கியதா என்று அதற்குத் தெரியாது.

அடுத்து ஸ்மார்ட்போன் செயலி. அதே நாட்டில் 2014-இல் வந்த இன்னொரு ஆய்வில் மாரடைப்பு கண்ட 120 பேர். மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 47% பேர் பயிற்சியை முடித்தார்கள், போன் வழியாக வீட்டில் செய்தவர்களில் 80%. செயலியின் மகிமை என்று அவசரப்பட வேண்டாம். வாரந்தோறும் ஓர் ஆலோசகர் போனில் பேசினார். நியூசிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: நெஞ்சில் கட்டிய சென்சார் வழியாக ஈசிஜியையும் துடிப்பையும் நிபுணர் தொலைவிலிருந்து நேரலையில் பார்த்துப் பயிற்சி கொடுத்தார். 12 வாரத்தில் உடல்திறன் மையத்துக்கு இணையாகவே வந்தது, செலவும் குறைவு.

கடைசியில் நிற்பது, ஆள் துணையில்லாத வெறும் ஸ்மார்ட் வாட்ச். என் கணக்கில் கடைசி இடமும் அதற்குத்தான். 60 வயதுக்காரர் என்று வையுங்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் 160, இதுதான் அவருடைய அதிகபட்சத் துடிப்பு என்பது வழக்கமான கணக்கு. அதில் 70%, அதாவது 112 துடிப்பு வரை நட என்கிறது வாட்ச். அவரோ இதயத்துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார். மூச்சு வாங்க நடந்தும் துடிப்பு 100-ஐத் தாண்டவில்லை. ‘இன்னும் வேகமாக’ என்று மணிக்கட்டு அதிர்கிறது! இதற்குப் பழைய வழியே மேல்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பட்டை தளர்ந்து கை வீசினால் வாட்ச் காட்டும் எண்ணும் தடுமாறும். அதன் ஒற்றை ஈசிஜி கோடு துடிப்பு தாறுமாறாக இருப்பதைப் பிடிக்கலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்க அது செய்யப்படவில்லை. நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

ஆபத்து குறைந்தவர் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? செயலியும் வாராந்தரப் பேச்சும் சேர்ந்த ஏற்பாட்டைத்தான் நான் எடுப்பேன். அப்போதும் சேரும் முன் ஒன்று கேட்பேன்: நான் அனுப்பும் துடிப்புக் கணக்கை யார் பார்க்கிறார்கள், எத்தனை மணி நேரத்தில் கூப்பிடுவார்கள்?