வாசல் பலகையா, உள்ளே சரக்கா?

திருநெல்வேலி டவுண் ரத வீதியிலோ பாளையங்கோட்டை கடைத்தெருவிலோ கடை நடத்துகிறவர் சமூகப் பிரச்சினைகளில் வெளிப்படையாக ஒரு பக்கம் நிற்கலாமா? அவர் முன்னால் மூன்று வழிகள் உண்டு. வாயைத் திறக்காமல் வியாபாரத்தை மட்டும் பார்ப்பது ஒன்று. வாசலில் பேனர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், வணிகர் சங்கத்தோடு சேர்ந்து அறிக்கை என்று ஊரறியச் சொல்லிவிடுவது இன்னொன்று. எதை வாங்கி அடுக்குவது, எதை அடுக்காமல் விடுவது, என்ன பையில் போட்டுக் கொடுப்பது, வேலையாட்களை எப்படி வைத்துக்கொள்வது என்று கடைக்குள் நடக்கும் காரியத்திலேயே காட்டுவது மூன்றாவது. எங்கள் கடை மூன்றாவது வழியில் நடக்கிறது. அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பற்று வரவு கெடாது, யாரும் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகமாட்டார்கள். ஆனால் நம் ஊரில் பேசாமல் இருந்தாலே நடுநிலை என்று ஆகிவிடாது. கல்லாவுக்கு மேலே என்ன தலைவர் படம் தொங்குகிறது, எந்தச் சமுதாயச் சங்கம் கொடுத்த நாட்காட்டி மாட்டியிருக்கிறது, குருபூஜை போஸ்டரின் அடியில் நன்கொடையாளர் வரிசையில் யார் கடைப் பெயர் இருக்கிறது என்பதை உள்ளே வருகிறவர் ஒரு நொடியில் படித்துவிடுகிறார். வாய் பேசாததைச் சுவர் பேசிவிடுகிறது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வேலை சுவரைச் சுத்தம் செய்வதும், போஸ்டரில் பெயர் போடும் நன்கொடைகளுக்கு ஒரே விதி வைப்பதும்தான். கொடுப்பதானால் ரசீதோடு நிற்கட்டும், பெயர் அச்சில் வரவேண்டாம். எல்லா வசூலுக்கும் இதே பதில் என்றால் மனத்தாங்கல் குறையும்.

இரண்டாவது வழிக்கு ஒரு வேகம் இருக்கிறது. ஒரே நாளில் ஆயிரம் கடைகள் ஒன்றாகச் சொன்னால் ஊர் திரும்பிப் பார்க்கும். 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தது அப்படி ஒன்று. அந்த ஜனவரியில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஒரு பக்கம். நெல்லைக்கு அதைவிட நெருக்கமான காரணம், கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கும் குளிர்பான ஆலைகள் தாமிரபரணித் தண்ணீரை எடுப்பது. 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க இடைக்காலத் தடை போட்டிருந்தது. வணிகர்களின் அறிவிப்பு நடைமுறைக்கு வந்த மறுநாள், 2017 மார்ச் 2-ல், தடை கேட்டுப் போட்டிருந்த வழக்குகளை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

காரணம் நியாயமானது, நேரமும் சரி. ஆனால் இன்று கடை ஃபிரிட்ஜைத் திறந்தால் அந்தப் புட்டிகள் மறுபடி நிற்கின்றன. எங்கே கழன்றது? முதல் சிக்கல் அந்த ஃபிரிட்ஜேதான். கண்ணாடிக் கதவு போட்ட கூலர் பல கடைகளில் கம்பெனி கொடுத்தது. அதில் கம்பெனிச் சரக்குதான் நிற்கவேண்டும் என்பது பேச்சு. விற்பதில்லை என்றால் கூலரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், சொந்தமாக ஒன்று வாங்கவேண்டும். இரண்டாவது, ஏப்ரல், மே வெயிலில் பொவொண்டோவோ பன்னீர் சோடாவோ கேட்ட அளவுக்குத் தொடர்ந்து வந்து இறங்கவேண்டும். ஒரு வாரம் லோடு வராவிட்டால் அலமாரி காலியாகக் கிடக்கும். மூன்றாவது, பக்கத்துக் கடை ஒன்று விற்க ஆரம்பித்தால் போதும், வரிசையாக எல்லாரும் ஆரம்பிப்பார்கள். சங்கம் அறிவித்தது, ஆனால் கூலருக்கும் லோடுக்கும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அறிவிப்பதற்கு முன்பே அந்த இரண்டுக்கும் வழி பார்த்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் நின்றிருக்கும் என்றே தோன்றுகிறது.

பெரிய நிறுவனங்களுக்கு இதே வழியில் வேறொரு ஆபத்து. 2020 அக்டோபரில் நகைக்கடை நிறுவனமான தனிஷ்க், இந்து மருமகளுக்கு முஸ்லிம் குடும்பம் வளைகாப்பு நடத்துவதாக ஒரு விளம்பரம் வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று கடை ஊழியர்களின் நலன். அமெரிக்காவில் டார்கெட் சங்கிலிக் கடைகள் 2023 மே மாதம் பாலினச் சிறுபான்மையினருக்கான பிரைடு சரக்குகள் சிலவற்றை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. அங்கேயும் ஊழியர்களுக்கு வந்த மிரட்டலைத்தான் காரணமாகச் சொன்னார்கள். எதிர்த்தவர்களுக்கும் திருப்தி இல்லை, ஆதரித்தவர்களும் கைவிட்டுவிட்டார்கள் என்று கோபித்தார்கள். தலைமையகத்தில் முடிவெடுத்தவர் ஒருவர், கவுண்டரில் அடி வாங்குகிறவர் வேறொருவர். நிலைப்பாடு எடுத்துவிட்டுப் பின்வாங்குவதைவிட எடுக்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலைமை இப்படித்தான் வருகிறது.

ஆகவே எந்த வழி என்று முடிவு செய்யும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சாயங்காலம் ஏழு மணிக்குக் கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது, முதலாளி இல்லாத நேரத்தில், அந்த நிலைப்பாட்டைக் காப்பாற்றப் போவது யார்? அறிவிக்கிற நாளில் ஒரு பேனர்ச் செலவுதான். அதை அன்றாடம் பராமரிக்கும் செலவு மறுநாள் காலையில் தொடங்குகிறது. கொள்முதலிலேயே முடிந்துவிடும் நிலைப்பாடு என்றால் பராமரிப்பு குறைவு. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பேசி நிறைவேற்றவேண்டிய நிலைப்பாடு என்றால் பராமரிப்பு பலமடங்கு.

கொள்முதலில் முடித்ததற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் அமெரிக்காவிலேயே உண்டு. மருந்துக்கடைச் சங்கிலியான சிவிஎஸ், நோய் தீர்க்கும் கடையில் சிகரெட் விற்பது பொருந்தாது என்று 2014 செப்டம்பரில் புகையிலை விற்பனையை நிறுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் வருமானம் போகும் என்று தெரிந்தே செய்தார்கள். டிக்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடை, 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடா பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு போர்முறைத் துப்பாக்கிகள் விற்பதை விட்டது. கையிருப்பில் இருந்தவற்றை உற்பத்தியாளரிடம் திருப்பி அனுப்பாமல் அழித்தது. இரண்டு இடத்திலும் கவுண்டரில் நிற்கும் பையனுக்கு வாதாடும் வேலை இல்லை. அலமாரியில் சரக்கே கிடையாது.

நம் ஊரில் இதற்கு நேர் பொருத்தமானது கைக்கயிறு. ஃபேன்சி ஸ்டோர், ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கும் எந்த அண்ணாச்சிக்கும் விளக்க வேண்டியதில்லை: எந்த நிறச் சேர்க்கை எந்தச் சாதியைக் காட்டுகிறது என்று பள்ளிக்கூடப் பையன்கள் எல்லாருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி அணிவதைத் தடுக்கவேண்டும் என்றது. பள்ளி வாசலில் கழற்றச் சொல்வது ஆசிரியரின் பாடு. அதை எட்டணாவும் ஒரு ரூபாயும் லாபம் வைத்து விற்பது நாம். நம் கை படாமல் அந்தக் கயிறு எந்தப் பையன் கைக்கும் போவதில்லை.

நடைமுறை இப்படி. மே மாதக் கடைசியில், பள்ளி திறப்புக்கு முன் மொத்த வியாபாரியின் லைன் வண்டி வரும்போதே, அட்டையில் கோத்து வரும் இரண்டு நிற, மூன்று நிறப் பின்னல் கயிறுகள், நிற ரப்பர் வளையங்கள், தலைவர் படம் போட்ட டாலர், சைக்கிளுக்கும் பைக்குக்கும் ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தவேண்டும். பழைய இருப்பை மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும், அவர் எடுக்காவிட்டால் நஷ்டக் கணக்கில் எழுதி அழிக்கவேண்டும்; “இருக்கிறதை மட்டும் தள்ளிவிடுவோம்” என்றால் ஒரு வருஷம் ஓடிவிடும். கோயில் கயிறு ஒற்றை நிறத்தில் வைத்துக்கொள்ளலாம். பையன் இரண்டு நிறம் வாங்கி வீட்டில் முறுக்கிக்கொண்டால் கடைக்காரர் தடுக்க முடியாது, அது உண்மை. ஆனால் கடையிலேயே பின்னித் தருவதில்லை என்ற விதி வைக்கலாம்.

இங்கே பெரிய தவறு நடப்பது ஒரே இடத்தில். ஒரு சாராரின் நிறம் மட்டும் தீர்ந்துபோய், இன்னொரு சாராரின் நிறம் தொங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கடை யார் பக்கம் என்று அன்றே முடிவாகிவிடும். கடைக்காரரின் சாதி ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதை மறக்கக் கூடாது. நிறுத்தினால் சொந்தச் சாதிக்காரர் கேட்கும் நிறத்தை முதலில் நிறுத்தவேண்டும். “அண்ணாச்சி, அந்தக் கயிறு இருக்கா?” என்று கேட்டால் “நம்ம கடையில வைக்கதில்ல தம்பி” என்ற ஒரு வரி போதும். காரணம் கேட்டால் சொல்லலாம், கேட்காதவனுக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

பை விஷயம் இதைவிடக் கடினம், காரணம் ஒவ்வொரு பில்லிலும் அது வருகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. சட்டம் சொன்னதைச் செய்துவிட்டுச் சமூகசேவை என்று பேனர் வைப்பது சரியில்லை. செய்து காட்டினால் போதும். ஜவுளிக்கடைகளில் நடக்கும் பெரிய ஏமாற்று, துணி மாதிரி இருக்கும் நெய்யாத பை. அது பாலிப்ரொப்பிலீன், அதுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து நெருப்பில் காட்டுங்கள்: பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், மற்றது உருகி உருண்டையாகச் சுருளும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நாளைக்கு 100 பில், அதில் 40 பேர் பை கேட்கிறார்கள், துணிப்பை ஒன்று 10 ரூபாய் என்று வைத்தால் மாதம் 12,000 ரூபாய். இலவசமாகக் கொடுக்கும் கடை மூன்றாம் மாதம் பாலித்தீனுக்குத் திரும்பிவிடும். அடக்க விலையைப் பில்லில் போடுங்கள், சொந்தப் பையோடு வருகிறவருக்கு ஒரு சின்னக் கழிவு கொடுங்கள். பலகாரக் கடையானால் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது, அச்சு மை உணவில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு விதியும் அனுமதிப்பதில்லை. வாழைச்சருகும் ஓலைக்கொட்டானும் நல்லவை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டான் பூஞ்சை பிடிக்கும். மொத்தமாக வாங்கிக் குவிக்காமல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, தரையில் வைக்காமல் பரணில் காற்றோட்டமாக அடுக்கவேண்டும்.

அதைவிடவும் பராமரிப்பு அதிகம் கேட்பது வேலையாட்கள் உட்காரும் உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் சேர்த்த 22-ஏ பிரிவு, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்கிறது. வண்ணார்பேட்டைப் பக்கம் மாடி மாடியாக எழுந்திருக்கும் கடைகளில் ஸ்டூல் வாங்கிப் போடுவது சுலபம். பத்து நாளில் அதன் மேல் சேலைக் கட்டுகள் ஏறிவிடும், அல்லது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். சேலைக் கட்டு வைக்கத் தனி மேசை இருக்கவேண்டும், வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரலாம் என்று சூப்பர்வைசருக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். மகளிர் தினத்துக்குப் பெரிய பேனர் வைத்துவிட்டு உள்ளே பெண்களைப் பத்து மணி நேரம் நிற்கவைக்கும் கடையைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது.

இதெல்லாம் சிறிய, நடுத்தரக் கடைகளை வைத்துச் சொல்வது. பிளக்ஸ், டி-ஷர்ட் அச்சடிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குக் கொள்முதலில் நிறுத்த வழி இல்லை, ஒவ்வொரு ஆர்டரும் ஒரு முடிவு. அரிவாள் படமும் சாதிப் பெருமை வசனமும் அடிப்பதில்லை என்பதை ஆர்டர் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டு, முன்பணம் வாங்குவதற்கு முன் காட்டிவிடுவது ஓரளவு உதவலாம்.

கடைசியில் பலகை வேண்டவே வேண்டாமா என்றால், வைக்கலாம், தாமதமாக. தீபாவளி, பொங்கல், ஜூன் மாதப் பள்ளி சீசன் மூன்றையும் ஒரு சுற்று தாண்டிய பிறகு, ஒரு ஏ4 தாளளவில், பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில்: “சாதிக் கயிறு, டாலர், ஸ்டிக்கர் இங்கே கிடையாது. துணிப்பை 10 ரூபாய்.” வேலைக்குப் புதிதாக ஒரு ஆள் சேர்ந்தால் முதல் நாள் அதை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.