அதே காசுக்கு மூன்று வண்டி: சின்னதா, நீளமா, உயரமா?

பழைய கார் தேடிப் புறப்படும்போது கையில் இருக்கும் தொகை ஒன்றுதான். அந்தத் தொகைக்கு எதிரே வந்து நிற்பவை மூன்று: நாலைந்து வயதான ஹேட்ச்பேக், ஏழெட்டு வயதான செடான், பன்னிரண்டு வயதைத் தாண்டிய எஸ்யூவி. விலை மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வண்டி பெரிதாகப் பெரிதாக அதன் வயதும் கூடிக்கொண்டே போகும். புது வண்டி வாங்குகிறவர் கூடுதல் இடத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கிறார். பழையதை வாங்கும் நாம் அதே இடத்துக்கு வயதைக் கொடுக்கிறோம். இந்தப் பேரம் லாபமா நஷ்டமா என்பதுதான் கேள்வி.

பேச வசதியாக, பல நாடுகளில் கிடைக்கும் மூன்று பெயர்களை எடுத்துக்கொள்கிறேன். சின்னதற்கு ஹோண்டா ஜாஸ் (சில நாடுகளில் ஃபிட்), நீளமானதற்கு டொயோட்டா கொரோலா, உயரமானதற்கு ஹோண்டா சிஆர்-வி. உங்கள் பட்டியலில் வேறு பெயர்கள் இருக்கலாம். சோதிக்கும் விதம் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் நான், மனைவி, எட்டு வயது மகள், பால் மறக்காத மகன், முழங்கால் வலிக்கும் அம்மா. எனக்கு ஆரம்பத்தில் பிடித்துப்போனது சிஆர்-விதான். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம், சாலை நன்றாகத் தெரியும், பார்க்கவும் ஒரு கம்பீரம். கடைசியில் வாங்கியது அதை அல்ல.

பின் இருக்கையில் ஒரு மணி நேரம்

குடும்பத்துக்கு வண்டி பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். நானும் முதல் வண்டியில் அப்படித்தான் செய்தேன். அப்புறம் மனைவி குழந்தை இருக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதைப் பொருத்திக் காட்டுங்க, அப்புறம் ஓட்டலாம்" என்றாள். அன்றைக்கு நடந்த உருப்படியான சோதனை அதுதான்.

கைக்குழந்தையின் இருக்கை பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். ஐரோப்பாவில் நடப்பில் உள்ள ஆர்129 விதி, குழந்தை 15 மாதத்தைக் கடக்கும்வரை அப்படித்தான் என்கிறது. அப்படி வைக்கும்போது இருக்கை எடுத்துக்கொள்வது அகலத்தை அல்ல, நீளத்தை. ஆகவே முன் இருக்கையை உங்கள் காலுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, அதன் பின்னால் குழந்தை இருக்கை போகிறதா என்று பாருங்கள். முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும் அளவுக்கு முன்னால் நகர வேண்டியிருந்தால், அந்த வண்டி உங்களுக்கு இல்லை. கொரோலா இதில் சுலபமாகத் தேறியது. ஜாஸ் தேறாது என்று நினைத்தேன், அதுவும் தேறியது. 2001இல் வந்த முதல் தலைமுறையிலேயே ஹோண்டா பெட்ரோல் டேங்க்கைப் பின் இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்து முன் இருக்கைகளுக்கு அடியில் வைத்துவிட்டது. வெளியே சின்னதாகத் தெரியும் வண்டிக்குள் கால் நீட்ட இடம் வந்தது அப்படித்தான்.

மூன்று பேர் அருகருகே உட்கார வேண்டும் என்றால் கதை வேறு. அகலத்தில் சிஆர்-வியை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவே ஒரு பெரியவர் என்பது ஜாஸில் தண்டனை, கொரோலாவில் சகிப்பு, சிஆர்-வியில் பயணம். ஐந்து பேரும் தினமும் ஒன்றாகப் போகும் குடும்பம் என்றால் மேற்கொண்டு படிக்காமல் அகலமானதை வாங்கிவிடலாம். நாங்கள் அப்படி இல்லை என்பது, முந்தைய மாதம் எத்தனை முறை எத்தனை பேர் ஏறினோம் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெரும்பாலான நாள்களில் வண்டியில் இருந்தது இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர்.

வயதான வண்டியில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். குழந்தை இருக்கையைக் கொக்கியில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் முறைக்கு உலகத் தரம் வகுக்கப்பட்டது 1999இல். எல்லா நாடுகளிலும் அது உடனே வந்துவிடவில்லை. இருக்கை இடுக்கில் கையை விட்டு இரும்பு வளையம் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள். அடுத்தது நடு இருக்கை: தோளோடு சேர்ந்த முப்புள்ளி பெல்ட்டா, இடுப்பில் மட்டும் கட்டும் பட்டையா? பழைய வண்டிகள் பலவற்றில் நடுவில் இருப்பவருக்குப் பட்டைதான், தலைக்கு முட்டுக்கொடுக்கும் திண்டும் இருக்காது.

ஏழு இருக்கை ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டு டிக்கியைத் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் அங்கே பள்ளிப் பைகள் நாலு வைக்கலாம், அவ்வளவுதான். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி வரிசைவரை நீள்கிறதா என்றும் கேளுங்கள், எல்லாவற்றிலும் நீள்வதில்லை. உண்மையாகவே ஆறு ஏழு பேர் போகிற வீடு என்றால் எஸ்யூவியை விட்டுவிட்டு, சறுக்குக் கதவு உள்ள எம்பிவி எனும் குடும்ப வேனையோ, சிட்ரோயன் கிராண்ட் சி4 பிகாசோ போல இரண்டாம் வரிசையில் மூன்று தனித்தனி இருக்கைகள் கொண்டதையோ தேடுவது மேல். அழகில் தோற்கும், உபயோகத்தில் ஜெயிக்கும்.

லிட்டர் கணக்கு பேசும், முழுதும் பேசாது

டிக்கி அளவு: ஜாஸின் மூன்றாம் தலைமுறை 350 லிட்டரை ஒட்டி, கொரோலா 450ஐ ஒட்டி, சிஆர்-வி 550க்கு மேல். தாளில் வரிசை தெளிவு. ஆனால் இந்த லிட்டரை அளக்கும் ஜெர்மானிய முறையில் 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரமுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுகிறார்கள். சந்து பொந்தில் நுழையும் கட்டையும் கணக்கில் சேரும். குழந்தைத் தள்ளுவண்டி சந்தில் நுழையாது.

கொரோலாவின் டிக்கி ஆழம், ஆனால் வாய் சிறிது. மடக்கிய தள்ளுவண்டியைச் சாய்த்து, திருப்பி, பின் மறுபடி திருப்பித்தான் உள்ளே விட முடிந்தது. ஜாஸில் பின் இருக்கையின் அடிப்பகுதியைத் திரையரங்க நாற்காலி போல மேலே மடக்கிவிடலாம். டேங்க் அங்கே இல்லாததால் தரை தாழ்வு. தள்ளுவண்டி, பூந்தொட்டி, சின்ன சைக்கிள் எல்லாம் நின்ற வாக்கில் ஏறும். எங்கள் உபயோகத்துக்கு 350 லிட்டர் 450ஐத் தோற்கடித்தது இப்படித்தான். நான்கு பெரிய பெட்டிகளோடு ஊருக்குப் போகிறவருக்கு இந்த முடிவு தலைகீழாகும்.

அப்புறம் அம்மா. உயரமான வண்டிதான் அவருக்கு வசதி என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிஆர்-வியில் ஏறக் கால் தூக்கினார், பிடி தேடினார். கொரோலாவில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கத்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஜாஸில் இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தார். முழங்கால் வலி உள்ளவரை அழைத்துப் போகாமல் வண்டியை முடிவு செய்யாதீர்கள்.

வயது எதைத் தின்னும்

சிஆர்-வி எனக்கு எதிராகத் திரும்பியது இங்கேதான். பன்னிரண்டு வயதில் சஸ்பென்ஷன் புஷ்கள், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்கள், குளிர்விக்கும் குழாய்கள் என்று ரப்பரில் ஆனவை எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஓய்வு கேட்கும். டயர் பெரிது, ஆகவே விலையும் பெரிது. நான்கு சக்கர இயக்கம் இருந்தால் நான்கு டயரும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று கிழிந்தால் நாலையும் மாற்றும் நிலை வரலாம். வாங்கும் விலைதான் சமம், வைத்திருக்கும் செலவு சமமில்லை.

பாதுகாப்பிலும் வயதுக்குப் பங்கு உண்டு. மோதல் சோதனையில் கிடைத்த நட்சத்திரங்களை ஆண்டு பார்க்காமல் எண்ணக்கூடாது. ஃபியட் புன்ட்டோ 2005இல் யூரோ என்காப் என்ற அமைப்பின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே அமைப்பு 2017இல் மறுபடி சோதித்தபோது கொடுத்தது பூஜ்யம். கார் மாறியதைவிடச் சோதனைதான் அதிகம் மாறியிருந்தது. வண்டி சறுக்கும்போது தானாகச் சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடிக்கும் ஈஎஸ்சி, அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்தும் ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டியில் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். எனக்கு இது இல்லாத குடும்ப வண்டி வேண்டாம்.

டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்கின் விவகாரமும் வயதோடு சேர்ந்ததுதான். அதை விரிக்கும் வெடிமருந்து வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. ஹோண்டா, டொயோட்டா உள்ளிட்ட பல நிறுவனங்களின் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. வாகன வரலாற்றில் அதைவிடப் பெரிய அழைப்பு நடந்ததில்லை. 2000களிலும் அதன்பின் சில ஆண்டுகளிலும் தயாரானதைப் பார்க்கிறீர்கள் என்றால், 17 எழுத்து சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடிவிடுங்கள்.

பெட்ரோல், டீசல், ஹைப்ரிட்

இதை அதிகம் இழுக்கத் தேவையில்லை. பள்ளி, கடை, அலுவலகம் என்று பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம் என்றால் புதிய தலைமுறை டீசல் வேண்டாம். புகைக் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி தன்னை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். குறுகிய ஓட்டத்தில் அந்தச் சூடு பிறக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் தினமும் போகிறவருக்கு டீசல் இன்றும் நல்ல தோழன்.

ஹைப்ரிட் என்றால் பேட்டரி பயம் எல்லோருக்கும் உண்டு. 1997இல் வந்த டொயோட்டா ப்ரியஸின் அமைப்பில் வழக்கமான கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை; கெட்டுப்போக இருக்கும் பொருள்கள் குறைவு. வேகம் குறைக்கும் வேலையில் ஒரு பங்கை மோட்டாரே பார்ப்பதால் பிரேக் பேட் நீடிக்கும். ஆனால் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் பின் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும். குழந்தைகள் சிந்திய துகளும் போர்வை நூலும் நாய் முடியும் அடைத்தால் பேட்டரி சூடேறும். வண்டி பார்க்கும்போது அந்தச் சல்லடையைப் பாருங்கள். பழைய ஓனரின் குணம் அதில் தெரியும்.

ஆட்டோமேட்டிக் கியரில் என் வரிசை இது: எண்ணெய் வழியாக விசை கடத்தும் சாதாரண டார்க் கன்வெர்ட்டர் முதலில், பல் சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி, எண்ணெய் மாற்றிய ரசீது இருந்தால், அடுத்து, எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச் கொண்ட உலர் வகை இரட்டை கிளட்ச் கடைசியில். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிறவருக்கு அந்தக் கடைசி வகை பழைய வண்டியில் தேவையில்லாத சூதாட்டம்.

அந்த ஒரு வண்டி

சரி, ஜாஸ் என்று முடிவானது. முதலில் பார்த்த ஜாஸை விட்டுவிட்டோம். பெயின்ட் பளபளத்தது, ஓடிய கிலோமீட்டர் குறைவு. முன்பே சொல்லி வைத்திருந்தும், நாங்கள் போனபோது எஞ்சின் சூடாக இருந்தது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கேட்கும் சத்தத்தை யாரோ கேட்க விடவில்லை. கூட வந்த மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். பிழை எதுவும் காட்டவில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. அவர் அதோடு நிற்காமல் கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பார்த்தார். பாதிக்கு மேல் முடியவில்லை. பெரும்பாலும் பிழைகளை அழித்தாலோ பேட்டரி ஒயரைக் கழற்றினாலோதான் அப்படி வரும். சில நாள் சாதாரணமாக ஓடிய வண்டியில் அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும். விற்றவர் வானத்தைப் பார்த்தார், நாங்கள் வீட்டைப் பார்க்க வந்துவிட்டோம்.

இரண்டாவது ஜாஸ் பார்க்கச் சுமார். பின் கதவில் ஒரு நசுங்கல், அதை டிங்கரிங் செய்து மறைக்கக்கூட இல்லை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் படித்தேன்; முதல் இரண்டு எண்கள் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கும் ஒரே வாரத்தில் பிறந்தவை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன்; வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அந்த அடிநுனியில் சேறு தெரியும், இதில் இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் இருந்த கிலோமீட்டரும் பிரேக் மிதியின் ரப்பர் தேய்மானமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. சிவிடி எண்ணெய் மாற்றிய ரசீதை ஓனரம்மா கேட்காமலே எடுத்து நீட்டினார்.

நசுங்கல் இன்னும் அப்படியே இருக்கிறது. அம்மா முன் இருக்கையை விட்டுக் கொடுப்பதில்லை. ஐந்து பேரும் சேர்ந்து கிளம்பும் நாளில் மட்டும், நடுவில் யார் உட்காருவது என்ற வழக்கு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. இதுவரை எல்லாத் தீர்ப்பும் மனைவிக்கு எதிராகவே வந்திருப்பதால், அடுத்த வண்டியை அவள்தான் தேர்ந்தெடுப்பாள் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.