சைக்காலஜி படிக்கற விசுவாசிப் பிள்ளைங்களுக்கு ஒரு புக்: 'சைக்காலஜி அண்ட் கிறிஸ்டியானிட்டி: ஃபைவ் வியூஸ்'

பி.எஸ்சி சைக்காலஜி சேர்ற சபைப் பிள்ளைங்களுக்கு மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடிதான். கிளாஸ்ல, கடவுள் நம்பிக்கைங்கறதே அப்பாவோட பாதுகாப்புக்கு ஏங்கற ஏக்கம்னு ஃப்ராய்ட் சொன்னத நடத்துவாங்க, ஞாயித்துக்கிழமை சபைக்குப் போனா "இதெல்லாம் உலக ஞானம்மா, வேதம் போதாதா"ன்னு யாராவது ஒரு அங்கிள் கேப்பார். இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கறவங்க யார் கேட்டாலும் நான் சொல்ற புக் இதுதான். எரிக் ஜான்சன் தொகுத்தது, ஐ.வி.பி அகாடமிக் 2010ல போட்டது. 2000ல நாலு பார்வை மட்டும் வச்சு இதோட முதல் பதிப்பு வந்துச்சு, பேர் கிட்டத்தட்ட ஒண்ணுதான், செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது 'ஃபைவ்'னு இருக்கான்னு பாத்து வாங்குங்க.

புக்கோட அமைப்பே எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒருத்தர் கட்டுரை எழுதுவார், அது முடிஞ்ச உடனே மத்த நாலு தரப்பும் அதுல எங்க ஒத்துப்போறோம், எங்க ஒத்துப்போகலன்னு பதில் எழுதுவாங்க. எல்லாருமே ஜெபம் பண்றவங்க, வேதத்த நம்பறவங்க, ஆனாலும் அஞ்சு விதமா நிக்கிறாங்க. நம்ம பக்கம் "சைக்காலஜி விசுவாசத்துக்கு எதிரா இல்லையா"ன்னு ஒரே கேள்வியாத்தான் கேக்கறோம், அதுக்கு ஆமா இல்லன்னு ஒரு வார்த்தைல பதில் சொல்லிட்டுப் போக முடியாதுன்னு இத படிச்சா நல்லா புரியும்.

முதல்ல டேவிட் மையர்ஸ். உங்க டிபார்ட்மென்ட் லைப்ரரில இருக்கற தடி இன்ட்ரொடக்டரி டெக்ஸ்ட்புக்க எழுதினாரே, அவரேதான். மனுஷன ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு மட்டத்துல விளக்குது, மூளையப் பத்தி ஆராய்ச்சி சொல்றதும் ஆத்துமாவப் பத்தி வேதம் சொல்றதும் ஒண்ணோட ஒண்ணு மோத வேண்டிய அவசியமில்லங்கறது அவர் பார்வை. இதுக்கு நேர் எதிர்முனைல டேவிட் பவ்லிசன், பிப்ளிகல் கவுன்சிலிங் பக்கம். மனுஷன் ஏன் இப்படி நடந்துக்கறான், எப்படி மாறுவான்ங்கற கேள்விக்கு வேதமே ஒரு முழு பதில் வச்சிருக்கு, அத விட்டுட்டு சபை ஏன் தெரப்பிஸ்ட் பின்னாடி ஓடணும்னு கேக்கறார். சபைல அந்த அங்கிள் சொல்றதும் மேலோட்டமா இதேதான், ஆனா இவர் சைக்காலஜிய உக்காந்து படிச்சிட்டு வாதம் பண்றார், அதனால பதில் சொல்றதும் அவ்வளவு சுலபமில்ல. இவங்க ரெண்டு பேர் கட்டுரையையும் அடுத்தடுத்து படிங்க, நடுவுல நிக்கற ஸ்டான்டன் ஜோன்ஸோட இன்டெக்ரேஷன் பார்வை, அதாவது சைக்காலஜியையும் விசுவாசத்தையும் ஒண்ணா சேர்த்துப் பாக்கறது, ஏன் தேவைப்படுதுன்னு தானா விளங்கும். ராபர்ட்ஸும் வாட்சனும் சேர்ந்து எழுதினது, மலைப்பிரசங்கத்தையே ஒரு சைக்காலஜியா வாசிக்கலாம்னு காட்டுது, எனக்கு மனசுல தங்கினது அதுதான். கோ, ஹால் ரெண்டு பேரோட டிரான்ஸ்ஃபார்மேஷனல் பார்வை (சைக்காலஜி பண்றவரோட சொந்த ஆவிக்குரிய மாற்றத்துல இருந்தே சைக்காலஜி ஆரம்பிக்கணும்ங்கறது) மட்டும் ரொம்ப சுத்தி வளைக்குது, இளங்கலை லெவலுக்கு ஓவர்.

குறைன்னா பெரிய குறை ஒண்ணு இருக்கு. எழுதினவங்க எல்லாருமே அமெரிக்கா காலேஜ், செமினரி சூழல்ல இருந்து பேசறாங்க. நம்ம ஊர்ல ஒரு பொண்ணு ரெண்டு மாசமா தூங்காம சாப்பிடாம இருந்தா வீட்ல முதல்ல கூட்டிட்டுப் போறது உபவாச ஜெபத்துக்கு, அங்க யாராவது ஆவின்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட போறதே விசுவாசக் குறைவுன்னு ஆயிடும், இந்தப் பிரச்சனைய தொடற மாதிரி ஒரு கட்டுரை இதுல இல்ல. குடும்பத்துக்கும் பெரிய இடமில்ல. வேலூர் சி.எம்.சி பாகாயம் மனநல மையத்துல நோயாளி கூட வீட்டு ஆள் ஒருத்தர் தங்கறத 1950கள்ல இருந்தே சிகிச்சையோட ஒரு பாகமா வச்சிருக்காங்க, அதுவும் ஒரு கிறிஸ்தவ ஆஸ்பத்திரி. அந்த அனுபவத்துல இருந்து ஆறாவதா ஒரு பார்வை யாராவது எழுதணும்னு எனக்கு ரொம்ப ஆசை. 1 ராஜாக்கள் 19ல, சாகணும்னு கேட்டு சூரைச்செடிக்கு கீழ படுத்த எலியாவ தூதன் ஒரு வார்த்தை கண்டிக்கல, அடையும் தண்ணியும் கொடுத்து மறுபடி தூங்க விட்டு ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிட வச்சான். நம்ம சபைகள்ல டிப்ரஷன் பத்தி பேச்சு எடுக்க இதவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

இங்கிலீஷ் கொஞ்சம் கனம்தான், ஃபர்ஸ்ட் இயர்ல வேண்டாம், ஜெனரல் சைக்காலஜியும் ரிசர்ச் மெத்தட்ஸும் ஒரு ரவுண்ட் முடிச்சிட்டு செகண்ட் இயர்ல எடுங்க. தனியா படிக்கறதவிட ஐ.சி.இ.யு மாதிரி காலேஜ் ஜெபக் குழுல அஞ்சு பேர் ஆளுக்கு ஒரு பார்வை எடுத்துப் பேசினா நல்லா ஏறும். கவுன்சிலிங் பக்கம் போறவங்க இது முடிச்ச கையோட 2012ல வந்த 'கவுன்சிலிங் அண்ட் கிறிஸ்டியானிட்டி: ஃபைவ் அப்ரோச்சஸ்' எடுங்க, அதுல ஒரே ஆளோட கேஸ இந்த அஞ்சு வழியிலயும் எப்படி நடத்துவாங்கன்னு காட்டியிருக்காங்க. பாஸ்டருக்கு கொடுக்கணும்னா முழு புக்கையும் நீட்டாதீங்க, முன்னாடி ஜான்சன் எழுதின வரலாறு அத்தியாயம் மட்டும் முதல்ல போதும்.