லித்தியம் தேடும் லேசர் கருவி: மூன்று ஆண்டு அனுபவம்

ஜிம்பாப்வேயின் பிகிட்டா பகுதியில் லித்தியம் தேடும் குழுவில் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாகக் கையடக்க லேசர் கருவி ஒன்று என் தோளில் தொங்குகிறது. பார்க்கத் துளையிடும் மெஷின்போல் இருக்கும். முனையைக் கல்லில் அழுத்தி விசையை இழுத்தால், கல்லின் நுண்ணிய புள்ளி ஒன்று பிளாஸ்மாவாக, அதாவது ஒளிரும் சூடான வாயுவாக, மாறுகிறது. அந்த ஒளியைப் பிரித்து, உள்ளே என்னென்ன தனிமங்கள் என்று சில விநாடிகளில் சொல்லிவிடும்.

முன்பு எக்ஸ்ரே கருவி வைத்திருந்தோம். ருபிடியம், டாண்டலம் எல்லாம் காட்டும், லித்தியத்தைக் காட்டாது. அவ்வளவு லேசான தனிமத்தின் எக்ஸ்ரே, உணரியை எட்டும் முன்பே காற்றில் அடங்கிவிடும். நாங்கள் போனதே லித்தியத்துக்காக!

இங்கே லித்தியத் தாதுவான பெட்டலைட்டும் சாதாரணக் கனிமமான ஃபெல்ட்ஸ்பாரும் ஒன்றுபோலவே வெளுத்துக் கிடக்கும். என் கண் இன்றும் ஏமாறுகிறது. லேசரில் 670.8 நானோமீட்டரில் லித்தியத்தின் சிவப்புக் கோடு பலமாக எழுந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எந்தக் கல்லை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்பதைக் குழியருகிலேயே முடிவு செய்கிறோம்.

ஆனால் அளவைக் கேட்டால் கருவி தடுமாறும். சுத்தமான பெட்டலைட்டிலேயே லித்தியம் ஆக்சைடு 5 சதவீதத்தைத் தாண்டாது. ஒருநாள் திரையில் 9 என்று வந்தது. கருவியுடன் வந்த அளவுத்திருத்தம் வேறு வகைப் பாறைக்கானது. ஆய்வகத்தில் சோதித்த எங்கள் கற்களைக் கொண்டே மறுபடி திருத்தினோம். லேசர் படும் புள்ளியோ கடுகைவிடச் சிறியது. இங்குள்ள படிகங்கள் கைமுட்டி அளவு என்பதால் ஒரு புள்ளி முழுக் கல்லையும் காட்டாது. இப்போது கல்லைப் பொடித்து, வில்லையாக அழுத்தி, பல இடங்களில் சுட்டுச் சராசரி எடுக்கிறேன்.

பெரிய தலைவலி, லேசர் படும் இடத்தில் கருவி ஊதும் ஆர்கான் வாயு. அழுத்தமேற்றிய குப்பிகளை விமானத்தில் கொண்டுவர முடியாது. வெல்டிங் வாயு விற்கும் கடையில் சிலிண்டர் வாங்கிச் சாலை வழியே ஏற்றி வருகிறோம். மின்வெட்டு ஓயாத ஊர் என்பதால் பேட்டரிக்கு ஜீப்தான் கதி.

ஒருமுறை வெறும் குவார்ட்ஸ் கல்லில் லித்தியம் துள்ளியது. புதிய லித்தியத் தாது நரம்பு கிடைத்துவிட்டது என்று அன்று மாலை முழுவதும் வரைபடத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கல்லை உடைத்து உள்பக்கம் சுட்டால் ஒன்றுமில்லை. துளையிடும் இயந்திரத்துக்குப் பூசும் கிரீஸ் லித்தியம் கலந்தது. கல்லை எடுத்துக் கொடுத்த உதவியாளரின் கையெல்லாம் அந்தக் கிரீஸ். அன்றிலிருந்து கருவிப் பெட்டியில் ஒரு சோப்புக் கட்டியும் பயணம் செய்கிறது.