சொந்த இயங்குதளத்தில் ஒரு விண்டோ: செரினிட்டி, டோஅரு, கோலிப்ரி, யார் வழியில் போகலாம்?

பொழுதுபோக்காக இயங்குதளம் எழுதத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத்து வந்ததோடு நின்றுவிடுகிறார்கள். விண்டோ, மவுஸ், மெனு வரை போய்ச் சேர்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்படிச் சேர்ந்தவற்றில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்றின் கோட் (மூல நிரல்) யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது.

செரினிட்டி ஓஎஸ், 2018-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆன்ட்ரியாஸ் கிளிங் தொடங்கியது. போதைப் பழக்கத்திலிருந்து மீளும் சிகிச்சை முடிந்த கையோடு, நாளை நிரப்ப ஏதாவது வேண்டும் என்று ஆரம்பித்த வேலை. அதற்கு முன் ஆப்பிளில் வெப்கிட் என்ற பிரவுசர் எஞ்சினில் வேலை செய்தவர் என்பதால் இதைக் கத்துக்குட்டி முயற்சி என்று சொல்ல முடியாது. டோஅரு ஓஎஸ் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் மாணவர் முயற்சியாகத் தொடங்கியது. கே. லாங்கே என்பவர்தான் பெரும்பகுதியை எழுதினார். கோலிப்ரி ஓஎஸ் இவற்றுக்கெல்லாம் மூத்தது. பின்லாந்தின் வில்லே துர்யன்மா 2000-இல் வெளியிட்ட மெனுவெட் ஓஎஸ்ஸிலிருந்து 2004-இல் பிரிந்து வந்தது. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முழுக்க அசெம்பிளி, அதாவது பிராசசரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழி. ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பியில் கர்னல், டெஸ்க்டாப், விளையாட்டுகள் எல்லாம் அடங்கிவிடும்.

மூன்றுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் மொழியில் இல்லை. விண்டோவை யார் வரைகிறார்கள், வரைந்த படம் எங்கே இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கோலிப்ரியில் விண்டோக்களை நிர்வகிப்பது கர்னலே. பிராசசருக்குள் இருக்கும் இஏஎக்ஸ் ரெஜிஸ்டர் என்ற சின்னச் சேமிப்பிடத்தில் வேலை எண்ணைப் போட்டு, கர்னலை அழைக்கும் ஹெக்ஸ் 40 இன்டரப்டைக் கூப்பிட்டால் போதும். எண் 12 ‘வரையத் தொடங்குகிறேன்’, எண் 0 ‘விண்டோவை வை’, எண் 4 ‘எழுத்தைப் போடு’, மறுபடி 12 ‘முடிந்தது’, பிறகு எண் 10 போட்டு அடுத்த நிகழ்வுக்குக் காத்திருப்பது. ஒரு முழு விண்டோ நிரல் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். பார்க்கவே ஆசையாக இருக்கும்.

ஆனால் வரைந்த படத்தை யாரும் எடுத்துவைப்பதில்லை. மேலே கிடந்த விண்டோவை நகர்த்தினால், கீழே இருக்கும் நிரலுக்கு ‘திரும்ப வரை’ என்று செய்தி போகும். அந்த நிரல் ஏதாவது கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் அப்படியே பாழாகக் கிடக்கும்.

செரினிட்டியும் டோஅருவும் வேறு மாதிரி. விண்டோ சர்வர் என்பது கர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு சாதாரண நிரல். டோஅருவில் அதற்கு யுட்டானி என்று பெயர். ஒவ்வொரு நிரலும் பகிர்ந்துகொண்ட மெமரியில் தன் படத்தைத் தானே வரைந்து ‘இந்தப் பகுதி மாறிவிட்டது’ என்று சொல்லும். சர்வர் எல்லாவற்றையும் அடுக்கித் திரைக்கு அனுப்பும். நிரல் உறைந்து போனாலும் அதன் கடைசிப் படம் இருக்கும், விண்டோவை இழுத்து நகர்த்தலாம்.

இதற்கு விலை மெமரி. 1920×1080 திரையில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால், முழுத்திரை விண்டோ ஒன்றுக்கே சுமார் 8.3 எம்பி. கோலிப்ரி 8 எம்பி மெமரியில் ஓடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். இந்த முறையில் ஒரு விண்டோவே அதை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். அந்தச் சிக்கனத்தின் ரகசியம் அசெம்பிளி மட்டுமல்ல, படத்தைச் சேமிக்காததும்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த 8.3 எம்பியை வினாடிக்கு 60 முறை திரைக்கு அனுப்பினால் கிட்டத்தட்ட 500 எம்பி. கிராபிக்ஸ் டிரைவர் இல்லாத வீட்டுத் தயாரிப்பில் இதைப் பிராசசரே சுமக்க வேண்டும். அதனால்தான் மாறிய செவ்வகங்களை மட்டும் குறித்துவைத்து அனுப்புகிறார்கள். மவுஸ் அம்பு நகர்ந்தால் பழைய இடம், புதிய இடம் என்று இரண்டு சின்னச் செவ்வகம் போதும். திரை மெமரியிலிருந்து திரும்பப் படிப்பது எழுதுவதைவிடப் பல மடங்கு மெதுவானது. ஆகவே விண்டோக்களை ஒன்றாகக் கலக்கும் வேலையெல்லாம் சாதாரண மெமரியில் நடக்க வேண்டும். இதைத் தெரியாமல் நேரே திரையில் வரையத் தொடங்கினால், கியூஎமு என்ற போலிக் கணினி மென்பொருளில் பறக்கும் டெஸ்க்டாப் நிஜக் கணினியில் ஊர்ந்து போகும்.

சரி, யாருடைய கோட்-ஐப் படிப்பது? செரினிட்டியின் கோட் அழகானது, ஆனால் அது ஒரு தனி உலகம். சி பிளஸ் பிளஸ்ஸின் வழக்கமான நூலகத்தையே ஒதுக்கிவிட்டு ஏகே என்ற சொந்த நூலகத்தை வைத்திருக்கிறார்கள். வெக்டர், ஸ்ட்ரிங் முதற்கொண்டு எல்லாம் வீட்டுச் சமையல். பிரவுசரையும் அவர்களே எழுதினார்கள். 2024-இல் கிளிங் அந்த லேடிபேர்ட் பிரவுசரைத் தனியாகப் பிரித்துக்கொண்டு போனார், இயங்குதளம் மற்றவர்கள் கையில் தொடர்கிறது. தயாரான ஐஎஸ்ஓ கோப்பு தருவதில்லை. வேண்டுமென்றால் நீங்களே கம்பைல் செய்துகொள்ள வேண்டும், அதுவும் முதலில் கம்பைலரையே கம்பைல் செய்துவிட்டு. பல பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஒரு மூலையைப் பிடித்துப் பங்களிக்க வேண்டுமென்றால் இங்கே போகலாம். தனி ஆள் இதைப் பார்த்து அதேபோல் கட்டக் கிளம்பினால் மூச்சு முட்டும்.

கோலிப்ரியைப் பழைய கணினியில் போட்டுப் பாருங்கள், சில வினாடிகளில் டெஸ்க்டாப் வந்து நிற்கும். ரசிக்கலாம். முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 32-பிட் அசெம்பிளியில் எழுதிய கர்னலை 64-பிட்டுக்குக் கொண்டுபோவது ஏறக்குறைய மறுபடி எழுதுவதுதான்.

என் ஓட்டு டோஅருவுக்கு. நேரடியான சி மொழி; ஒரே ஆளின் நடை முழுக்கத் தெரியும். ஆரம்பத்தில் கெய்ரோ (படம் வரைய), நியூலிப் (சி நூலகம்) போன்ற வெளி நூலகங்களை வைத்து விண்டோவைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சொந்தமாக எழுதினார்கள். இன்று கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் முதல் சி நூலகம் வரை அவர்களுடையதே. எல்லாமே முதல் நாளிலிருந்து சொந்தமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரிசை இது.

டெம்பிள் ஓஎஸ் எங்கே என்று கேட்பீர்கள். டெர்ரி டேவிஸ் தன்னந்தனியாகக் கட்டியது: 640×480 திரை, 16 நிறம், நெட்வொர்க் கிடையாது, எல்லா நிரலும் கர்னலின் அதிகாரத்திலேயே ஓடும். எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டால் ஒரு ஆளால் முடிக்க முடியும் என்பதற்கு அதைப் பார்க்கலாம். அதன் வழியில் வேறொருவர் போக முடியாது.

எந்த வழியில் போனாலும் மவுஸில் ஒரு நாள் போகும். பிஎஸ்/2 என்ற பழைய வகை மவுஸ் ஒவ்வொரு அசைவுக்கும் 3 பைட் அனுப்பும்: முதலில் பட்டன்களும் கூட்டலா கழித்தலா என்று சொல்லும் குறி பிட்டுகளும், பிறகு கிடை அசைவு, நெடு அசைவு. மவுஸுக்கு மேல்நோக்கி என்றால் கூட்டல், திரைக்கோ கீழ்நோக்கி என்றால்தான் கூட்டல். நெடு அசைவைக் கழிக்க மறந்தால் அம்பு தலைகீழாக ஓடும். யூஎஸ்பி மவுஸை நிஜமாக ஓட்டுவது என்றால் அது தனிக் கதை, மவுஸைவிட அந்த கன்ட்ரோலர் டிரைவர்தான் பெரிது.

தமிழ் வேண்டும் என்றால் எழுத்து வரையும் பகுதியை முதலிலேயே யோசியுங்கள். 8×16 கட்டத்தில் ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் என்ற பழைய முறையில் ‘கொ’ வராது. யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. வரையும்போது ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் போக வேண்டும், துணைக்கால் பின்னால் வர வேண்டும். கு, கூ வரிசைக்கு 18 மெய்க்குமாக 36 வடிவம் தனியாக வேண்டும், கிரந்த எழுத்துகள் வேறு. தேவநாகரி அளவுக்குக் கூட்டெழுத்துத் தொல்லை இல்லை, க்ஷ, ஸ்ரீ போன்ற ஒன்றிரண்டுதான். எழுத்துகளைச் சரியான வடிவில் அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் போன்ற பெரிய நூலகத்தைக் கொண்டுவராமல் ஒரு அட்டவணையும் சின்ன ஃபங்ஷனும் வைத்தே சமாளிக்கலாம். எழுத்தின் அகலத்தை ஃபான்டிடம் கேட்டு வாங்கும்படி மட்டும் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ‘8 பிக்சல்’ என்று கர்னல், டெர்மினல், மெனு எங்கும் நேரடியாக எழுதிவைத்துவிட்டால், பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்க வேண்டியிருக்கும்.