மறுபடி ஆடத் தகுந்தது எது: விட்சர் 3-ஆ, ஸ்லே தி ஸ்பயரா?

சென்ற ஆண்டு என் மடிக்கணினியில் இடம் தீர்ந்துபோனது. முழுவதும் ஆடி முடித்திருந்த இரண்டு கேம்களில் ஒன்றை நீக்கியாக வேண்டும். ஒன்று, போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட ‘தி விட்சர் 3’; காசுக்குப் பூதங்களை வேட்டையாடும் ‘விட்சர்’ ஒருவனின் நீண்ட கதை. மற்றொன்று, மெகா கிரிட் என்ற சிறிய நிறுவனம் 2019 ஜனவரியில் முழு வடிவில் வெளியிட்ட ‘ஸ்லே தி ஸ்பயர்’ என்ற சீட்டுக் கேம். எது சிறந்தது என்பது அப்போது என் கேள்வியாக இல்லை. எதை மறுபடி ஆடுவேன் என்பதே கேள்வி. இரவு பத்து மணிக்கு மேல் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். விட்சரை நீக்கிவிட்டு ஸ்பயரை வைத்துக்கொண்டேன். அந்த முடிவு சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

வெளிப்படையான வேறுபாடுகளை விரித்துப் பேசத் தேவையில்லை. விட்சருக்கு 50 ஜிபி இடம் வேண்டும், ஸ்பயருக்கு 1 ஜிபி போதும். காட்சியழகு, இசை, குரல் நடிப்பு ஆகியவற்றில் விட்சரின் பக்கத்தில்கூட ஸ்பயர் வர முடியாது. முதல்முறை ஆடும் அனுபவமாக மட்டும் பார்த்தால், விட்சருக்கு இணையாக நான் ஆடியவற்றில் வேறொன்றும் இல்லை.

மறுபடி ஆடுவதற்கும் விட்சரே பொருத்தம் என்றுதான் தொடக்கத்தில் நம்பினேன். நம் முடிவுகளுக்கு ஏற்பக் கதை கிளைபிரியும் கேம் அது. வெலன் சதுப்பு நிலத்தில் ஒரு குன்றின் அடியில், மரத்தின் வேர்களுக்குள் ஓர் ஆவி சிறைப்பட்டிருக்கும். அதை விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் உயிர் பிழைப்பார்கள். ஆனால் பக்கத்துக் கிராமம் அழியும், ‘பேரன்’ (Baron) என்று அழைக்கப்படும் அப்பகுதிப் பிரபுவின் மனைவி இறப்பாள், பேரனும் தூக்கிட்டுக்கொள்வான். அதைக் கொன்றால் மனைவி சித்தம் கலங்கிய நிலையில் உயிரோடு இருப்பாள், பேரன் அவளுக்கு வைத்தியம் தேடி மலைக்குப் புறப்படுவான், குழந்தைகளைக் காணோம். முதல் ஆட்டத்தில் நான் ஆவியை விடுவித்தேன். கயிற்றில் தொங்கும் பேரனைப் பார்த்தபோது மனம் கனத்தது. மற்ற வழியையும் ஒருநாள் பார்த்தே தீர வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

இரண்டாம் முறை தொடங்கியபோதுதான் அதற்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது புரிந்தது. அந்தக் குன்றை அடைவதற்கு முன்னால் வைட் ஆர்ச்சர்ட் என்ற ஊரில் கிரிஃபின் என்ற பறக்கும் விலங்கின் வேட்டை, நில்ஃப்கார்ட் பேரரசின் படைத்தளபதியுடன் உரையாடல், வெலனுக்குப் பயணம், பேரனின் கோட்டையில் விசாரணை என எல்லாவற்றையும் மறுபடி கடந்தாக வேண்டும். என் ஒரு மணி நேரக் கணக்கில் அது பல இரவுகள். நாயகனின் வளர்ப்பு மகளான சிரியின் இறுதிக் கதியைத் தீர்மானிப்பவையும் ஒரு சில உரையாடல்கள்தாம். மனமுடைந்து நிற்கும் அவளுக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் சொல்கிறோமா, பனியை உருண்டையாக்கி எறிந்து அவளைச் சிரிக்க வைக்கிறோமா என்பது போன்றவை அவை. தேர்வுக்கு ஒரு நொடி போதும்; அதன் பலனைக் காண இன்னும் எத்தனையோ மணி நேரம் குதிரையில் போக வேண்டும்.

நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. விட்சரின் வேலையில் பாதி துப்பறிவது: தரையில் சிவப்பாக ஒளிரும் காலடித் தடங்களைத் தொடர்ந்து போய், நடந்தது என்ன, செய்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பேரனின் மகளும் மனைவியும் ஏன் வீட்டைவிட்டுப் போனார்கள் என்ற உண்மை முதல்முறை ஒவ்வொரு அறையாகத் திறந்து திறந்து வந்து, கடைசியில் நெஞ்சில் அறைந்தது. இரண்டாம் முறை வீட்டுக்குள் நுழையும்போதே எனக்கு எல்லாம் தெரியும். தடங்களை என் கண் பின்தொடர்ந்ததே தவிர, மனம் தொடரவில்லை. முதல் ஆட்டத்தில் நான் பெற்ற அறிவு, இரண்டாம் ஆட்டத்தின் சுவையைக் குறைத்தது.

ஸ்பயரில் இது அப்படியே தலைகீழ். அங்கே கையில் சில சீட்டுகளோடு ஒரு கோபுரத்தில் ஏறுகிறோம். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மூன்று சீட்டுகள் காட்டப்படும். ஒன்றை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். இறந்தால் ஆட்டம் முதலிலிருந்து. வழிகளும் எதிரிகளும் கிடைக்கும் சீட்டுகளும் ஒவ்வொரு முறையும் மாறும். ஆனால் இந்த மாற்றம்தான் மறுபடி ஆட வைக்கிறது என்று பலர் சொல்வதை நான் முழுமையாக ஏற்பதில்லை. கலைத்துப் போடுவதை எந்தக் கேமும் செய்துவிடலாம். சென்ற ஆட்டத்தில் கற்றது இந்த ஆட்டத்தில் உதவுகிறதா என்பதே முக்கியம்.

கிரெம்லின் நாப் என்ற எதிரியை எடுத்துக்கொள்கிறேன். முதல் சுற்றில் அவன் கத்துவதோடு சரி. அதற்குப் பிறகு, நாம் தாக்குதல் அல்லாத திறன் சீட்டு ஒன்றைப் போடும் ஒவ்வொரு முறையும் அவன் வலிமை 2 கூடும். இதை அறியாத நான், அவன் 14 அடி அடிக்கப் போகிறான் என்று திரை காட்டியதும், எவரும் செய்வதைப் போல இரண்டு தடுப்புச் சீட்டுகளைப் போட்டேன். அவை 10 அடியைத் தடுத்தன, உண்மைதான். ஆனால் அவன் அடி 18 ஆகிவிட்டது, அந்தக் கூடுதல் வலிமை சண்டை முடியும்வரை குறையவே இல்லை. நான்கைந்து சுற்றுகளில் செத்தேன். மறுநாள் இரவு முதல் சண்டையிலிருந்தே தாக்குதல் சீட்டுகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தேன். நாப் வந்தபோது தடுப்பதை விட்டுவிட்டு விரைவாக அடித்து வீழ்த்தினேன். இரண்டு இரவுகளிலும் நாப் அதே நாப்தான், மாறியிருந்தது என் பார்வை. தற்காப்பு எப்போதும் நல்லது என்ற என் எண்ணத்தை அந்தச் சண்டை உடைத்ததால், அதன் பிறகு ஒவ்வொரு சீட்டையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

முடிவுக்கும் விளைவுக்கும் இடையிலான தூரமும் இங்கே குறைவு. ஓய்விடத்துக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் செய்யலாம்: படுத்து 30 சதவீத உயிரை மீட்கலாம், அல்லது ஒரு சீட்டைக் கூர்தீட்டி மேம்படுத்தலாம். பேராசைப்பட்டு மேம்படுத்தினால், அது சரியா தவறா என்பது பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். தவறு சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கித் திருத்திக்கொள்ளலாம். ஒரு முழு ஏற்றம் எனக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஓர் இரவுக்கு ஒன்று. வென்றால் ‘அசென்ஷன்’ என்ற கடினப் படி ஒன்று திறக்கும். 20 படிகள், நாம் தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய நான்கு வீரர்களுக்கும் தனித்தனியாக. படிக்கு ஒரு புதிய இடைஞ்சல் சேரும், பழையவை அப்படியே இருக்கும். முதல் வீரரில் தேறியவற்றில் பாதி இரண்டாமவருக்குப் பொருந்தாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: சூப்பர்ஜயண்ட் நிறுவனத்தின் ‘ஹேடீஸ்’, 2020. பாதாளத்திலிருந்து தப்பும் ஒவ்வொரு முயற்சியும் முடிந்து வீடு திரும்பும்போது கதை சற்று நகரும். தோல்வியும் கதையின் பகுதியாகிறது. கதை வேண்டும், நேரம் இல்லை என்பவர்களிடம் இதையே முதலில் சொல்வேன். ஆயினும் நான் இதைச் சில வாரங்களே ஆடினேன். கதை முடிந்த பின்னரும் இழுக்குமா என்பதை என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்ல இயலாது.

விட்சருக்காகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேம்பட்ட ஆயுதங்களோடு புதிதாகத் தொடங்கும் நியூ கேம் ப்ளஸ் முறையை நான் சில மணி நேரம்தான் தொட்டேன். சண்டையைப் பெரிதாக ரசிப்பவருக்கு அது வேறு அனுபவமாக இருக்கலாம். ஐந்தாறு ஆண்டுகள் விட்டு, பாதிக் கதை மறந்த நிலையில், நீண்ட விடுமுறையில் திரும்பிப் போகிறவருக்கும் என் குறை பொருந்தாது. ஸ்பயரில் நினைத்து ஏங்க ஒரு மனிதர்கூட இல்லை என்பதும் உண்மை. நூறு ஏற்றங்களுக்குப் பிறகும் அதில் எனக்கு நெருக்கமான பாத்திரம் என்று யாரும் கிடையாது. பேரனின் முகமோ இன்னும் நினைவில் இருக்கிறது. ஆவியைக் கொல்லும் வழியை நான் இன்னமும் என் கையால் ஆடிப் பார்க்கவில்லை. விட்சரின் சேவ் கோப்புகளை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.