பழைய ஆர்எக்ஸ்-8: இன்ஜின் போகாமல் இருக்க நான் செய்வது

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கிறேன் என்றால், கார் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது "இன்ஜின் எத்தனை தடவை மாத்தினீங்க?" என்றுதான். இதுவரை மாற்றவில்லை. 2005 மாடல், ஆறு கியர் மேனுவல், 231 குதிரைத்திறன். பிரிட்டனில் வாங்கி இங்கேயே பல வருடமாக ஓட்டுகிறேன். 80,000 மைல் தாண்டிவிட்டது.

தெரியாதவர்களுக்கு: இதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள், சேர்த்து 1.3 லிட்டர். நிமிடத்துக்கு 9,000 சுற்று (ஆர்பிஎம்) வரை அலட்டாமல் ஏறும். ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்று ஒரு மெல்லிய பட்டை உண்டு. அது தேய்ந்தாலோ உடைந்தாலோ கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றையும் பெட்ரோலையும் அழுத்தும் அழுத்தம், போய்விடும்.

எல்லோரும் சீலைத்தான் குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, கெடுதல் பெரும்பாலும் பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் இக்னிஷன் காயிலில் தொடங்குகிறது. இந்த இன்ஜினில் நான்கு பிளக், ஆளுக்கொரு காயில். காயில் ஒரேயடியாகச் சாவதில்லை, மெல்ல பலவீனமாகிறது. பெட்ரோல் முழுசாக எரியாமல் வெளியே வந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது. உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்கிறது. வெளியேற முடியாத சூடு இன்ஜின் பக்கமே திரும்புகிறது. அப்புறம்தான் சீல் போகிறது. அதனால் என்னைப் பொறுத்தவரை காயிலும் ஆயில் ஃபில்டர் மாதிரிதான், உழைக்கும் வரை உழைக்கட்டும் என்று விடக்கூடாது. 30,000 மைலுக்கு ஒருமுறை நான்கையும் சேர்த்து மாற்றுகிறேன், பிளக்கும் கூடவே.

போன தடவை மேட்டில் மூன்றாவது கியரில் ஏறும்போது 6,000 ஆர்பிஎம் பக்கம் ஒரு சின்னத் தயக்கம். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. கழற்றிப் பார்த்தால் ஒரு பிளக் மட்டும் கறுத்து, ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தது. அதற்குரிய காயிலின் உடம்பில் மயிரிழை விரிசல். புதுசு போட்டதும் அந்தத் தயக்கம் போய்விட்டது.

அடுத்தது ஆயில். சீலுக்கு உயவு கொடுக்க, சம்பிலிருந்தே (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கொஞ்சம் ஆயிலை இன்ஜின் தானாக உள்ளே செலுத்தி எரிக்கிறது. ஆயில் குறைவது கோளாறு அல்ல, அதன் அமைப்பே அப்படித்தான். ஒன்று விட்டு ஒரு தடவை பெட்ரோல் போடும்போது டிப்ஸ்டிக் பார்த்துவிடுவேன். பிந்தைய மாடல்களில் ரோட்டருக்கு மூன்று இடத்தில் ஆயில் விழுகிறது, என்னுடையதில் இரண்டுதான். அந்தக் குறையை ஈடுகட்ட, லிட்டருக்கு 4 மில்லி என்ற கணக்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை டேங்கில் கலக்கிறேன். இது தேவையே இல்லை என்பவர்களும் உண்டு. எனக்கு நம்பிக்கை இருக்கிறது, செலவும் அதிகமில்லை.

டாஷ்போர்டில் இருக்கும் வெப்பநிலை முள்ளை நம்பவே வேண்டாம். இன்ஜின் நன்றாகவே சூடேறிய பிறகும் அது நடுவிலேயே நிற்கும். அசையும்போது காலம் கடந்திருக்கும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன ரீடர் செருகி, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வெப்பத்தை எண்ணாகவே பார்க்கிறேன். கூலன்ட் டப்பாவின் பிளாஸ்டிக்கும் வயதானால் விரிசல் விடும், முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

ஓட்டும் முறையும் முக்கியம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, காரை நாலடி நகர்த்தி, உடனே அணைத்தால் பெட்ரோல் உள்ளே தேங்கி அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகாது. எடுத்தால் முழுசாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். சூடான பிறகு தயங்காமல் 9,000 வரை விரட்டலாம், விரட்டவும் வேண்டும்; கரி படியாமல் இருக்கும். பொத்திப் பொத்தி ஓட்டுவது இந்த இன்ஜினுக்கு ஆகாது.

இத்தனையும் பலிக்கிறதா என்று சொல்வது கம்ப்ரஷன் டெஸ்ட்தான். சாதாரண கேஜ் இதற்கு உதவாது. ரோட்டரின் மூன்று முகங்களில் (பக்கங்களில்) எதில் அழுத்தம் அதிகமோ அதை மட்டுமே காட்டும். என் காரை ஒரு கேரேஜில் அப்படிச் சோதித்து "நல்லா இருக்கு" என்றார்கள். அதில் ஒன்றும் தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவி ஒவ்வொரு முகத்துக்கும் தனி எண் தரும், ஆக மொத்தம் ஆறு. சோதனையில் ஸ்டார்டர் இன்ஜினைச் சுழற்றும் வேகத்தைப் பொறுத்து எண் மாறும் என்பதால், அவற்றை 250 ஆர்பிஎம்முக்குச் சமப்படுத்திப் பார்க்க வேண்டும். புது இன்ஜினுக்கு 8.3 பார் (அழுத்தத்தின் அலகு), குறைந்தபட்சம் 6.8 என்பது மாஸ்டா சொல்லும் அளவு. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 1.5 பாருக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. என்னுடையது ஆறும் 7.2-க்கு மேலே, ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருக்கின்றன. வருடா வருடம் எடுத்து வைப்பதால் எந்த முகம் இறங்குகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பழைய ஆர்எக்ஸ்-8 வாங்க நினைப்பவர்கள் இந்த ஆறு எண்களைக் கேட்டு வாங்குங்கள். பார்க்கப் போகும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். கம்ப்ரஷன் போன கார் காலையில் ஒழுங்காகக் கிளம்பும். சூட்டில்தான் முரண்டு பிடிக்கும். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த காரை விட்டுவிடுங்கள்.